கடைசி வரியில் ஓர் உயிர்

சென்ற ஆண்டு கார் பருவ அறுவடை முடிந்து, தாமிரபரணிப் பாசன நெல்லெல்லாம் ஆலைகளில் வந்து குவிந்த நேரம். தச்சநல்லூர் தாண்டி ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் நான் கொதிகலன் பார்க்கிறேன். நெல் ஊறப்போடும் இரும்புத் தொட்டிகளுக்குக் கீழே நின்று, வால்வைத் திறந்து வெந்நீர் விடுவது என் வேலை. தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கீழே நிற்பவனுக்குத் தெரியாது.

அப்போதுதான் புது மேலாளர் வந்திருந்தார். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். ஆனால் ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் அவர் போடும் தகவல் கல்யாணப் பத்திரிகை மாதிரி. சொந்தபந்தம் எல்லாரும் வந்து நின்ற பிறகுதான் மாப்பிள்ளை பெயரே வரும். எங்களுக்குள் அவருக்கு 'வணக்கம் சார்' என்றே பெயர்.

அன்று காலை போன் அதிர்ந்தது. திரையில் வழக்கம்போல, 'மதிப்பிற்குரிய பணியாளர் அனைவருக்கும் இனிய காலை வணக்கம்.' சரிதான், பைய பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டைப்பையில் போட்டுவிட்டு, மூன்றாம் தொட்டி வால்வில் கை வைத்தேன்.

பின்னால் ஒரு குரல். எங்கள் ஆலையில் நெல் அள்ளும் பெண், தூக்குவாளியில் டீயோடு நின்றாள். அவள் கணவருக்கும் இங்கேதான் வேலை. எனக்குப் பல வருடக் கூட்டாளி.

"அண்ணாச்சி, அவுக இன்னும் தொட்டிக்குள்ளயா நிக்காவ? டீ ஆறுது."

எந்தத் தொட்டி என்று கேட்டேன். அவள் மூன்றாம் தொட்டியைக் காட்டினாள். திறக்காத வால்விலிருந்து கையை எடுத்தேன்.

போனை எடுத்து முழுக்கப் படித்தேன். வணக்கம், நேற்றுப் பேசியது, ஒத்துழைப்புக்கு நன்றி, எல்லாம் தாண்டிக் கடைசி வரியில் இருந்தது: ஒட்டிய நெல்லைச் சுரண்ட மூன்றாம் தொட்டியில் ஆள் இறங்கியிருக்கிறார், தண்ணீர் விட வேண்டாம். அடப்பாவி, இதையல்லவா முதலில் சொல்லவேண்டும்? மேலாளர் சொல்லியிருப்பார் என்று நம்பித்தான் அந்த மனிதர் இறங்கியிருக்கிறார். கொதிக்கும் தண்ணீரை நானே என் கையால்...

மேலாளரிடம் போனை நீட்டினேன். தான் எழுதியதைத் தானே படித்தவர், அப்படியே ஒரு நெல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். திட்டத்தான் போனேன்; அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டாமல் திரும்பிவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் தகவலில் விஷயம் முதல் வரிக்கு வந்தது. வணக்கம் கீழே இறங்கிவிட்டது.

அன்று கூட்டாளி ஏதும் அறியாமல், உடம்பெல்லாம் உமியோடு தொட்டியிலிருந்து ஏறி வந்தார்.

"என்னவே, பேயறைஞ்ச மாதிரி நிக்கீரு?" என்றார். பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, பச்சைத்தண்ணியா ஆறிட்டு என்று மனைவியிடம் சலித்துக்கொண்டார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். இன்று லீவு கேட்டு எழுதினாலும் எனக்கு விஷயம்தான் முதல் வரி. டீ ஆறிவிட்டது என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டால், அதைச் சொல்ல அந்த மனிதர் உயிரோடு ஏறி வந்தாரே என்றுதான் முதலில் தோன்றுகிறது.