மூப்பரின் ஸ்பேர் பிரசங்கம்

பதினேழாவது படியில் பக்கிரிசாமி நின்றுவிடுவார். முதல் மாடி டியூஷன் சென்டரின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: நான்காம் படிவக் கணக்கு, புதன், வெள்ளி. ஞாயிறுதோறும் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பார். எழுபத்தொரு வயதில் அவருக்கு நான்காம் படிவக் கணக்கு தேவையில்லை. முட்டிக்குத்தான் ஓய்வு தேவை. "கால் வலிக்குதா பாஸ்டர்?" என்று யாராவது கேட்டால், "சே, டியூஷன் டைம் மாத்திட்டானான்னு பாக்குறேன் லா" என்பார். பிறகு மீதிப் படிகளையும் ஏறி, இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் சபையின் கதவைத் திறப்பார். ஆராதனை ஒன்பதரைக்கு. அவர் திறப்பது எட்டு மணிக்கு.

கிள்ளானில், ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் சபை. எண்பது நாற்காலி, ஆறு விசிறி. விசிறிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். மைக்கில் "அல்லேலூயா, ஒன், டூ" என்பார். பிறகு பிரசங்க மேடைக்குப் பின்னால் போய் ஒரு நிமிடம் சும்மா நிற்பார். அங்கே நிற்க அவருக்கு இப்போது வேலை ஏதும் இல்லை. போன மார்ச் மாதமே பாஸ்டர் பொறுப்பை முகுந்தனிடம் கொடுத்துவிட்டு அவர் மூப்பராகிவிட்டார். மூப்பர் என்றால் ஆலோசனை கேட்டால் சொல்லலாம், நோயாளிகளுக்காக ஜெபிக்கலாம், முன்வரிசையில் உட்காரலாம். ஓய்வுக்காகச் சபையார் அவருக்கு ஒரு சாய்வு சோபா வாங்கிக் கொடுத்தார்கள். அதில் இன்றுவரை அவருடைய பழைய பிரசங்கக் கோப்புகள்தான் சாய்ந்திருக்கின்றன.

பாஸ்டர் ஆவதற்கு முன் கேரி தீவில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஞானஸ்நானத்தில் பவுல் என்று பெயர் வைத்தார்கள். அடையாள அட்டையில் பக்கிரிசாமி அப்படியே இருந்தது. "கர்த்தர் ஐ.சி. பாக்க மாட்டாரு" என்று விட்டுவிட்டார். லோரியை விட்டு நாற்பது வருடம் ஆகிறது. ஆனால் லோரிக்காரரின் ஒரு பழக்கம் மட்டும் அவரை விடவில்லை: ஸ்பேர் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். சட்டைப் பையில் மைக்குக்கு இரண்டு பேட்டரி. பக்கத்திலேயே தொண்டைக்குக் கருப்பு ஹேக்ஸ் மிட்டாய். சபை அலமாரியில் காய்ந்த சட்டை ஒன்று. வேதாகமத்தின் நடுவே, நான்காக மடித்த தாள்களில் ஒரு ஸ்பேர் பிரசங்கம்.

வரவேண்டிய பிரசங்கியார் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டால் அந்தத் தாள்கள் வெளியே வரும். எனக்குத் தெரிந்தே ஏழெட்டுத் தடவை வந்திருக்கின்றன. பஞ்ச காலத்தில் ஓடைக்கரையில் ஒளிந்திருந்த எலியா தீர்க்கதரிசிக்குக் காகங்கள் உணவு கொண்டுவந்த கதை. சபையில் சின்னப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். ஓர் இடத்தில் பக்கிரிசாமி மேடையைத் தட்டி, "காலையில மட்டும் இல்ல..." என்று நிறுத்துவார். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "சாயங்காலமும்!" என்று கத்துவார்கள். அவர் இன்னொரு முறை தாமே மெதுவாகச் சொல்லிக்கொள்வார்: "சாயங்காலமும்."

"கர்த்தர் பாத்துக்குவாரு" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. வேலை போனவருக்கும் அதுதான். எஸ்.பி.எம். பரீட்சை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் இருக்கும் எனக்கும் அதுதான். ஓய்வு பெற்றதும், சபை எடுத்துக் கொடுத்த வீட்டைக் காலி செய்யவேண்டி வந்தது. எங்கே போவீர்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். "கர்த்தர் பாத்துக்குவாரு" என்றார். கர்த்தரும் ஓர் அடுக்குமாடியில் நான்காவது மாடி வீட்டைக் காட்டினார். அங்கே லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அதற்கும் பக்கிரிசாமி ஸ்தோத்திரம் சொன்னார். மற்றக் காரியங்களில்தான் கர்த்தரை அவ்வளவு தனியாக விடுவதில்லை. அவருடைய மனைவி லோகேஸ்வரியம்மா ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "கர்த்தர் பாத்துக்குவாருன்னா, நீங்க ஏன் பின்னாடியே போயி பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

புதிய பாஸ்டர் முகுந்தனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்ததே பக்கிரிசாமிதான். முப்பத்து நான்கு வயது. இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு வேதாகமக் கல்லூரிக்குப் போனார். செராஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஊருக்கெல்லாம் இன்சூரன்ஸ் விற்றவர் தமக்கென்று ஒரு குடைகூட எடுத்து வரமாட்டார். பிரசங்கக் குறிப்பு எல்லாம் ஒரு டேப்லெட்டில் இருக்கும். நன்றாகவே பேசுவார். ஆனால் வசன எண் தவறும். அவர் "பதினாறாம் வசனம்" என்றால், முன்வரிசையிலிருந்து "பதினெட்டு!" என்று குரல் வரும். முகுந்தன் சிரித்துக்கொண்டே, "நன்றி பாஸ்டர்" என்பார். முதல் மாதம் அந்தச் சிரிப்பு பெரிதாக இருந்தது. ஆறாவது மாதம் உதடு மட்டும்தான் அசைந்தது.

நிறைவு ஜெபம் மூப்பருக்கு என்று முகுந்தன்தான் ஒதுக்கிக் கொடுத்தார். மரியாதைக்காகச் செய்தது. ஜெபத்தின் நடுவில் யாரும் யாரையும் நிறுத்த முடியாது. கண்ணை மூடியவர்கள் மூடியபடியேதான் இருக்கவேண்டும். பிரசங்கம் செய்ய முடியாத பக்கிரிசாமிக்கு இது போதுமானதாக இருந்தது. "ஆண்டவரே, உமக்கே தெரியும், இன்னைக்குத் தம்பி சொன்னதுல ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு" என்று ஆரம்பித்து, விட்டுப்போன இரண்டையும் ஆண்டவருக்கு விளக்குவார். அடுத்த வாரக் குடும்பக் கூட்டம் எந்தக் குடியிருப்புத் தாமானில், எத்தனை மணிக்கு என்பதையும் ஆண்டவருக்கு அறிவிப்பார். கீபோர்டு வாசிக்கும் ஹேமா அக்கா, போதும் என்று உணர்த்த மெதுவாக ஒரு ராகத்தைத் தொடுவார். அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு மூப்பர் குரலை உயர்த்துவார். ஒருமுறை இருபத்தாறு நிமிடம். நான் கண்ணைத் திறந்து ஃபோனில் நேரம் பார்த்தது தப்புதான்.

விஷயம் முற்றியது சுகுமாறன் அண்ணனின் புது மைவி காரால். எங்கள் சபையில் புதுக் கார் வாங்கினால் ஆராதனை முடிந்ததும் கீழே நிறுத்தி ஜெபம் செய்வது வழக்கம். முகுந்தன் பாஸ்டர் வேதாகமத்தோடு முதலில் இறங்கி வந்து நின்றார். சுகுமாறன் அண்ணன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிக்கலாமா பிரதர்?" என்றார் முகுந்தன்.

"ஒரு நிமிஷம் பாஸ்டர். மூப்பரு வந்துகிட்டு இருக்காரு. அவரு கை வச்சாதான் எங்க வீட்டுல திருப்தி."

மூப்பர் வந்தார். "மொதல்ல பின்னாடி தொற" என்றார். உள்ளே இருந்த ஸ்பேர் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "காத்து கம்மி லா, தம்பி" என்று சொல்லிவிட்டு, முன்னால் போய் பானெட்டில் கைவைத்து ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் எல்லாரும் அவரிடம் கை குலுக்கினார்கள். முகுந்தன் வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்தபடி ஓரமாக நின்று "ஆமென்" சொன்னார்.

அன்று மாலையே அவர் நான்கு மாடி ஏறி மூப்பர் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை லோகேஸ்வரியம்மா மறுநாள் என் அம்மாவிடம் சொல்லும்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பாஸ்டர், ஒரு சபைக்கு ரெண்டு டிரைவர் வேணாம். சுங்கை வே சபையில என்னைக் கூப்பிடுறாங்க. டிசம்பர் வரைக்கும் பாக்குறேன். அப்புறம் நான் போறேன், நீங்களே நடத்துங்க."

"நான் எங்கப்பா குறுக்க வந்தேன்? நான் மூப்பரு. சும்மாதான உக்காந்திருக்கேன்?"

"சும்மாவா?" என்றாராம் லோகேஸ்வரியம்மா, தேநீரை வைத்துக்கொண்டே. "போன வாரம் இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டுச் சும்மா இருந்தீங்களே, அதுவா?"

முகுந்தன் போய்விட்டால் மேடை மறுபடியும் பக்கிரிசாமிக்குத்தான். அவரைவிட அதிகமாக அதை விரும்பியவர் யாரும் இல்லை. ஆனால் தமக்குப் பிறகு சபை நிற்கவேண்டும் என்று ஏழு வருடம் ஜெபித்து அந்தப் பையனைக் கொண்டுவந்தவரும் அவர்தான். "கர்த்தர் பாத்துக்குவாரு" என்று மட்டும் அன்று அவர் சொல்லவில்லை என்பதை லோகேஸ்வரியம்மா இரண்டு தடவை சொன்னார்.

நவம்பர் மாதம், இரண்டாவது ஞாயிறு. விடியும் முன்பே மழை. ஒன்பதரைக்கு ஆராதனை தொடங்கியது, முகுந்தனைக் காணோம். பத்து மணிக்கு ஹேமா அக்காவின் ஃபோனுக்குச் செய்தி வந்தது: சுபாங் பக்கம் ரோட்டில் தண்ணீர், பாலத்தடியில் ஒதுங்கி நிற்கிறேன். பாட்டெல்லாம் முடிந்துவிட்டது. எண்பது பேரும் முன்வரிசையைப் பார்த்தோம்.

சுகுமாறன் அண்ணன் எழுந்தார். "பாஸ்டர், நீங்களே பேசிடுங்க லா. பைபிளுக்குள்ளதான் ரெடியா இருக்குமே!"

"காகம்!" என்று ஒரு சின்னப் பிள்ளை கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள்.

பக்கிரிசாமி எழுந்தார். மேடைக்குப் போனார். மைக்கைத் தம் உயரத்துக்கு இறக்கினார். வேதாகமத்தைத் திறந்தார். மடித்த தாள்களின் மேல் அவர் விரல்கள் நின்றன. அந்த மேடையில் எட்டு மாதம் கழித்துப் பிரசங்கம் செய்ய நிற்கிறார். அழைத்தது சபை, தடுக்க யாரும் இல்லை. முகுந்தன் வந்துசேரும்போது பிரசங்கம் முடிந்திருக்கும். டிசம்பர் வரைக்கும் பார்க்கிறேன் என்ற பேச்சும் அதோடு முடிந்திருக்கும்.

"இன்னொரு பாட்டு பாடுவோம்" என்றார்.

"எந்தப் பாட்டு பாஸ்டர்?" என்றார் ஹேமா அக்கா.

"நீளமான பாட்டு."

நான்கு நீளமான பாட்டுகள் பாடினோம். நான்காவதில் ஹேமா அக்கா கையை உதறிக்கொண்டே வாசித்தார். பிறகு மூப்பர், "ஜெபிப்போம்" என்றார். எங்களுக்குப் பழக்கம்தானே. ஆன்டிமார்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள். ஒரு தாய் பிள்ளையின் வாயில் பால்புட்டியை வைத்தார்.

"ஆண்டவரே, முகுந்தன் பாஸ்டர் பைக்குல வர்றாரு. ரோடு வழுக்குது. ஆமென்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது என்று யாரும் நம்பவில்லை. கொஞ்ச நேரம் எண்பது பேரும் கண்ணை மூடியபடியே இருந்தோம். முகுந்தனைத் 'தம்பி' என்றல்லாமல் 'பாஸ்டர்' என்று மூப்பர் சொன்னது அதுதான் முதல் தடவை என்பதும் பிறகுதான் உறைத்தது.

பத்தே முக்காலுக்கு முகுந்தன் படியேறி வந்தார். அவரிடமிருந்து தண்ணீர் சொட்டியது. மூப்பர் மேடையிலிருந்து இறங்கிக் கதவருகே வந்தார். நான் கதவோரம் கடைசி வரிசையில் இருந்ததால் இருவரும் பேசியது காதில் விழுந்தது.

"டேப்லெட் நனைஞ்சு போச்சு பாஸ்டர். ஒரு குறிப்பும் இல்ல. நீங்களே பேசிடுங்க, ப்ளீஸ்."

"முடியாது லா. தொண்டை சரியில்ல" என்றார், நான்கு பாட்டையும் எல்லாரையும்விட உரக்கப் பாடியவர். அலமாரியிலிருந்து காய்ந்த சட்டையை எடுத்துக் கொடுத்தார். பிறகு வேதாகமத்திலிருந்து மடித்த தாள்களை உருவினார். "இந்தா. புடி."

"இது உங்க மெசேஜ் பாஸ்டர்."

"ஸ்பேர் டயருல யாரு பேரு எழுதியிருக்கு? மாட்டிக்கிட்டு ஓட்டு."

முகுந்தன் தோளில் நிற்காத அந்தப் பெரிய சட்டையோடு மேடைக்குப் போனார். மூப்பர் முன்வரிசைக்குப் போகவில்லை. என் பக்கத்து நாற்காலியில், கதவோரம் உட்கார்ந்தார்.

முதல் தாளை முகுந்தன் பார்த்து வாசித்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுத் தம் பாணியில் பேச ஆரம்பித்தார். அந்தக் காகம் மழையில் நனைந்துகொண்டே சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரி பையனைப் போல என்றார். அவன் வழியில் பட்ட பாட்டைச் சொன்னார். இளைஞர்கள் சிரித்தார்கள். எங்களுக்கு முன்னால் ஓர் ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூப்பர் சிரிக்கவும் இல்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. அவர் உதடுகள் மட்டும் தம் பழைய வரிகளை முணுமுணுத்தபடி இருந்தன.

"தினமும் காலையில காகம் கரெக்டா வந்துச்சு" என்றார் முகுந்தன். "காலையில எலியா சாப்பிட்டாரு, தண்ணி குடிச்சாரு, படுத்தாரு." அதோடு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்.

மூப்பரின் முதுகு நிமிர்ந்தது. பிள்ளைகள் வாயைத் திறந்து காத்திருந்தார்கள். முன்வரிசையில் சுகுமாறன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் திரும்பினார்கள். எதையோ விட்டுவிட்டோம் என்று முகுந்தனுக்கும் தெரிந்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

பக்கிரிசாமி வாயைத் திறந்தார். அவர் கை சட்டைப் பைக்குள் போனது. பேட்டரிகளை ஒதுக்கிவிட்டு ஒரு கருப்பு ஹேக்ஸை எடுத்தார். மிட்டாய்த் தாளைப் பிரித்த சரசரப்பு அந்த அமைதியில் மேடைவரை கேட்டது. மிட்டாயைத் திறந்த வாய்க்குள் போட்டு, வாயை மூடிக்கொண்டார். பிறகு அந்தச் சின்னத் தாளை முழங்காலில் வைத்து நீவி, நான்காக மடித்து, வேதாகமத்தில் பிரசங்கம் இருந்த பக்கத்தில் வைத்தார்.