பாடாத நான்காம் அடி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாட்டுக்கு நான்காவது அடி கிடையாது. மூன்று அடி பாடிவிட்டு, இன்னோர் அடி பாடும் நேரம் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு அடுத்த கண்ணி. சேரங்கோட்டில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இது பழக்கம். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தபோது அம்மாவின் ஆட்கள் கூடவே கொண்டுவந்த பாட்டு அது.

நான் பள்ளிக்கூட டீச்சர். ஆண்டு விழாவுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் மேடையில் நடுநடுவே சும்மா நின்றால் மறந்துவிட்டதாக நினைப்பார்களே என்று நானே ஓர் அடி எழுதிச் சேர்த்தேன். "கூடை நெறஞ்சிருச்சு, கூடி வாங்க பொண்டுகளே." ஒரே கைதட்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அந்த எடத்த ஏன் புள்ள அடச்ச? அது கேக்குறதுக்கு விட்ட எடம்."

இலங்கைத் தோட்டத்தில் ஒருநாள் மூடுபனியில் ஒரு பெண் வழி தவறிப்போனாளாம். அவள் கூப்பிட்டிருப்பாள், இவர்கள் பாடிக்கொண்டே இருந்ததில் கேட்கவில்லை. அவள் கிடைக்கவேயில்லை. அன்றிலிருந்து நான்காம் அடி இல்லை என்றாள். நான் சிரித்தேன். விழா வீடியோ போன் போனாகப் போய், பறிக்கிற இடத்திலும் என் அடியைப் பாடத் தொடங்கியிருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெருமையாகத்தான் இருந்தது.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். பறிக்கப் போன அம்மா கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வரவில்லை என்று ஆள் வந்தது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். காலையில் யானை நடமாடிய பக்கம் வேறு. ஓடினேன். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. அம்மாவுக்குத் திசை தெரியட்டும் என்று பெண்கள் ரோட்டில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் அடி முடிந்ததும், மூச்சுவிடாமல் என் அடி.

"ஐயோ, நாலாவத பாடாதீங்க!" என்று கத்தினேன்.

மறுபடி மூன்று அடி பாடி நிறுத்தினார்கள். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. மேலே, சில்வர் ஓக் மரங்கள் பக்கமிருந்து 'ஓ' என்று ஒரு பெண்குரல். உடனே கீழே ஓடைப் பக்கமிருந்து இன்னொன்று. கீழே கேட்டது அம்மாவின் குரல்.

பள்ளத்தில் கால் பிசகி உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன தடவ கூப்புட்டேன் புள்ள! ஒன் அடிதான் திரும்பத் திரும்ப கேட்டுச்சு. அலுத்துப்போயி விட்டுட்டேன். மேல ஒருத்தி கூப்புட்டப்பறந்தான் மறுபடி கூப்புட்டேன்."

அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "மேல யாரும்மா?"

பெண்கள் ஆட்களை எண்ணிப் பார்த்தார்கள். ஒருவரும் குறையவில்லை.

"பாட்டு வந்த எடத்துக்கு அவளும் வந்துருப்பா," என்றாள் கூட்டத்தில் மூத்தவள்.

யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. மேட்டைப் பார்த்து நின்று மூன்று அடி பாடினோம். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். பதில் இல்லை. திரும்பவும் பாடினோம்.