போடிக்காரரின் அடி

தட்டினால் தாளம் போடும் பேட் மிஷின் வாங்கப் போகிறவன் முதலில் தன் கையைத்தான் பார்க்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. தேனியில் ஒரு வாத்தியக் கடையில் அரைநாள் உட்கார்ந்த பிறகு நானாகத் தெரிந்துகொண்டது.

நான் டோலக் வாசிக்கிறவன். பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ்ஸைக்கூட வண்டியின் நிறத்தையும் டிரைவரின் முகத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். எங்கள் பக்கம் முளைப்பாரித் திருவிழாவில் பெண்கள் கும்மி அடிக்க டோலக்கும் தும்பாவும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். தும்பா என்பது பீப்பாய் மாதிரி நிற்கும் தோல் வாத்தியம். என்னோடு சேர்ந்து அதை வாசித்தவர் போடி ஊர்க்காரர், எல்லாருக்கும் போடிக்காரர். சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் அவர் என்னை மாப்ளே என்பார், நான் மாமா என்பேன். பஸ்ஸில் தும்பாவுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டு வருவார். கண்டக்டர்கள் திட்டிப் பார்த்து ஓய்ந்துபோனார்கள்.

அவருடைய அடி ஒரு மூச்சு தள்ளித்தான் விழும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அனுமந்தன்பட்டியில் ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"என்ன மாமா, தூங்கிட்டீகளா?"

"ஏலே, அந்தக் கெழவி குனிஞ்சா நிமிர வேண்டாமா? நீயா போயி இடுப்பப் புடிச்சுத் தூக்கிவிடுவ?"

அப்புறம்தான் கவனித்தேன். கும்மியில் குனிந்து கொட்டி நிமிரும்போது வயதானவர்கள் ஒரு மூச்சு பிந்துவார்கள். அவர்கள் நிமிர்ந்த பிறகுதான் தும்பா பேசும். இளவட்டப் பெண்கள் அது தெரியாமலே அவர்களோடு சேர்ந்து நிற்பார்கள். வட்டம் உடையாது.

ஒரு கார்த்திகை மழையில் அவர் போய்ச் சேர்ந்தார். மகன்கள் தும்பாவைக் குமுளிப் பக்கம் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். என் வீட்டில் ஏற்கெனவே நான் ஒருத்தன்தான், மகள் கோயமுத்தூரில். சாயங்காலம் டோலக்கை எடுத்து வைப்பேன். நாலு அடி அடித்துவிட்டு, அவர் பதில் சொல்லும் இடத்தில் கை தானாக நின்றுவிடும். பதில் வராது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் கேட்கும். டோலக்கை மூடி வைத்துவிடுவேன்.

வேறு ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டு வாசித்துப் பார்க்காமல் இல்லை. எல்லாரும் கெட்டிக்காரர்கள், சரியான நேரத்தில் அடித்தார்கள். அதுதான் சேரவில்லை. ரெண்டு வருஷம் கும்மிக்கே போகாமல் இருந்தேன்.

அப்போது ஒரு கல்யாணக் கச்சேரியில் பார்த்தேன். ஒருத்தர் மடியில் ஒரு பெட்டி. ஒரு சுற்று விரலால் தட்டினார். பெட்டி அதையே திருப்பித் திருப்பி வாசித்தது. அதன் மேல் வேறொன்றைத் தட்டினார். ஒரே ஆள், ரெண்டு ஆள் சத்தம். மறுநாளே தேனிக்கு வண்டி ஏறினேன்.

கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர், பொறுமைசாலி. முதலில் எட்டுப் பலகை உள்ள மிஷினை எடுத்து வைத்தார்.

"பார்ட்டிக்காரங்க எல்லாரும் இதத்தாண்ணே வாங்குறாக."

அதைக் குச்சியால் அடிக்க வேண்டும். ஐம்பது வருஷம் விரலால் வாசித்த கைக்குக் குச்சி, கல்யாணச் சாப்பாட்டில் கொடுத்த ஸ்பூன் மாதிரி இருந்தது. அடுத்தது கம்ப்யூட்டரோடு சேர்த்தால்தான் பேசுமாம். எனக்கு டிவியையே பக்கத்து வீட்டுக்காரர்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். அதையும் ஒதுக்கினேன்.

கடைசியில் பதினாறு கட்டம் உள்ள ரெண்டு பெட்டிகள் நின்றன. தாயக்கட்டம் மாதிரி சின்னச் சின்ன ரப்பர் கட்டங்கள். ஒன்று புதுசு. இன்னொன்று யாரோ விற்றுவிட்டுப் போன பழசு. கடையில் இருந்த ஒரு தும்பாவை மைக்கில் அடித்து, அந்தச் சத்தத்தை ரெண்டிலும் ஏற்றிக் கொடுத்தார்.

புதுசில் போடிக்காரர் மாதிரி தட்டிப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அது அவர் இல்லை. அளவு நாடா வைத்து வெட்டின மாதிரி இருந்தது.

"நான் தள்ளித்தான தட்டுனேன்?"

"தப்பா விழுந்தா மிஷினே நேராக்கிரும்ணே. அதுதான் இதுல விசேஷம்."

"நேராக்காம இருக்க வழியில்லையா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாரும் தப்பு தெரியக் கூடாதுன்னு கேப்பாக. நீங்க தப்பு வேணுங்கிறீக!"

"தப்பில்ல தம்பி. அது ஒரு ஆளு."

அவர் சிரிக்கவில்லை. புதுசில் அதற்கு வழி இருந்தது. ஆனால் திரைக்குள் இங்கிலீஷில் நாலைந்து இடம் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் போக வேண்டும். பழசில் அதற்கென்றே முகத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கி விளக்கு அணைந்தால் நேராக்காது. படிக்காதவனுக்கு வேண்டியது முகத்திலேயே இருக்க வேண்டும். பழசை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அதற்கு ஜன்னல் சீட்டு கொடுத்து, நான் உள்பக்கம் உட்கார்ந்து வந்தேன்.

வீட்டில் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. என் கை சரியாகவே விழுந்தது. தாமதமாக அடிக்கப் போனால் பிடிக்காமல் அடிக்கிற மாதிரி கேட்டது. பல சாயங்காலங்கள் இப்படிப் போயின. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சுருளிப்பட்டியில் கும்மிப்பாட்டு எடுத்துக்கொடுக்கும் அக்கா குனிந்து நிமிர்வதை நினைத்தேன். அவர் நிமிர்ந்த பிறகு தட்டினேன். பெட்டி திருப்பிச் சொன்னது. டோலக்கை எடுத்தேன். நாலு அடி, பதில் வந்தது. விளக்குப் போட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம் சுருளிப்பட்டிக்குப் போனேன். வழக்கம்போல சவுண்டு பாக்ஸ் அடுக்குக்குப் பின்னால், ஆடுகிறவர்கள் கண்ணில் படாத இடத்தில் பாய். பக்கத்தில் பெட்டி, தூசி படாமல் இருக்க மேலே ஒரு துண்டு. போடிக்காரர் உட்காரும் இடத்தை என்னை அறியாமல் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கும்மி சூடு பிடித்தது. வட்டம் எங்கள் பக்கம் திரும்பியபோது பாட்டுக்கார அக்கா கத்தினார்.

"ஏ போடிக்காரரே! ரெண்டு வருசம் கழிச்சு வந்துட்டு மூஞ்சியக் காட்ட மாட்டீராக்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். அடுத்த சுற்றில் ஒரு வெற்றிலைச் சுருள் பாக்ஸைத் தாண்டிப் பறந்து வந்து காலிப் பாயில் விழுந்தது. போடிக்காரர் எப்போதும் அந்த அக்காவிடம்தான் வெற்றிலை கேட்டு வாங்குவார்.

"வாய் பேசாதாம், அடி மட்டும் பேசுமாம்!" என்றார் அக்கா.

டோலக்கை விடாமல் வாசித்தேன். பாட்டு முடிந்து குலவை எழுந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். பெட்டி எடுக்கவில்லை. அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்குவதற்குள் அக்கா பாக்ஸைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். துண்டையும் பாயையும் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து தும்பாச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"எப்ப?" என்றார்.

"வர்ற கார்த்திகையோட மூணு வருசமாகுதுக்கா."

அக்கா பாயில் உட்கார்ந்து, எறிந்த வெற்றிலையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். என் கை பொத்தானுக்குப் போனது.

"நிப்பாட்டாத தம்பி. கொஞ்சம் தட்டட்டும்."

வெளியே அடுத்த பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா பாக்ஸைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்த பிறகுதான் அடி விழுந்தது.