மடையில் உட்கார்ந்த அத்தை

என் அப்பாவை நான் முதன்முதலாக எதிர்த்தபோது எனக்கு ஒன்பது வயது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். எதை எதிர்க்கிறோம் என்று முழுசாகத் தெரியாமலே எதிர்த்தேன் என்பதுதான் வேடிக்கை.

எங்கள் போடிப் பக்கம் ஆறு என்றால் கொட்டகுடி ஆறுதான். குரங்கணி மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், வாய்க்காலில் திரும்பி, எங்கள் வயலைத் தாண்டித்தான் கடைசியில் கிடக்கும் அத்தையின் வயலுக்குப் போக வேண்டும். அத்தை அப்பாவின் தங்கை. அப்பன் சொத்தில் எனக்கும் நிலம் கொடு என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியவள். கொடுத்தார்கள், தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கும் இடமாகத் தேடிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டார் அவ்வளவு விவரம்.

வாய்க்காலுக்கு ஒரு சட்டம் உண்டு. வாரத்தில் ஒருநாள் ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் முறை. முறை தொடங்கும்போது அந்த வீட்டு ஆள் மம்பட்டியோடு வந்து நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் தண்ணீர் மேல்வயல்காரருக்கு. பொம்பளை மம்பட்டி எடுத்து மடை திருப்பக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி. எந்தப் புண்ணியவான் போட்டானோ! மாமா கேரளத்துத் தோட்டத்தில் தங்கி வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமைதான் மலையிறங்குவார். அத்தையோ விடிந்ததும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போய்விடுவாள். அவளுடைய முறை புதன்கிழமை. அடுத்தடுத்து இரண்டு புதன் அந்தத் தண்ணீரை அப்பா எங்கள் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். எங்கள் நெல் பச்சைப்பசேலென்று நின்றது. அத்தை நட்ட நாற்று, வெடித்த மண்ணில் பழுத்துக் கிடந்தது. எனக்கு அதில் பெருமை வேறு. எங்கள் வயல்தான் அழகு என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது புதன் காலையில் நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஜீப் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டோரம் அத்தை ஏறாமல் நின்றாள்.

"வெரசா ஏறுக்கா, லோடு ஆயிருச்சு!" என்று டிரைவர் கத்தினான்.

"எனக்கு இன்னைக்குக் கீழ சோலி கெடக்கு. நீ போப்பா." அப்படியே திரும்பி என்னைத் தலை முதல் கால் வரை அளந்தாள். "நீ நல்லாக் குண்டாத்தான இருக்க? வாடி எங்கூட."

பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்பதற்கு மேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டும்?

நாங்கள் போனபோது அப்பா எங்கள் மடையை வெட்டித் திறந்துவிட்டு, வரப்பைப் பார்க்க வயலுக்குள் போயிருந்தார். அத்தை சேலையைத் தூக்கிச் செருகினாள். திறந்த மடைவாயில் இறங்கி, சம்மணமிட்டு உட்கார்ந்தேவிட்டாள்! ஆள் ஒல்லி. பக்கத்தில் பாதி இடம் மிச்சமிருந்தது. அங்கே என்னை இறக்கினாள். நடுவில் ஒழுகிய சந்துக்கு என் புத்தகப்பை. மலைத்தண்ணீர் குளிரில் எனக்குப் பல் கிட்டியது. தண்ணீர் எங்கள் முதுகில் முட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அத்தை வயலுக்குப் புறப்பட்டது.

அப்பா ஓடிவந்தார். "ஏத்தா, எந்திரி! மம்பட்டியோட ஆம்பள நிக்கணும். அதான் முறை."

"நான் மம்பட்டியத் தொட்டேனா? தொடலையே. பொம்பள மடையில உக்காரக் கூடாதுன்னு முறை இருந்தாச் சொல்லுண்ணே, எந்திரிச்சுப் போயிர்றேன்."

அப்படி ஒரு முறை இல்லை. எவளும் அதுவரை உட்கார்ந்ததில்லை, அதனால் எவனுக்கும் சட்டம் போடத் தோன்றவில்லை. ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் திருப்பிவிடும் நீர்பாய்ச்சி கரையில் நின்றார். அப்பா அவரைப் பார்த்தார்.

அவர் பீடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "மடை அடைஞ்சிருக்கு, முறைக்காரி வயலுக்குத் தண்ணி போகுது. இதுல நான் என்னண்ணே சொல்ல?" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். கோபம் கூடினால் அவர் குரல் தணிந்துவிடும். "ஆத்தா, நீ மேல வா."

நான் எழுந்தால் போதும், பாதி மடை திறந்துவிடும். அத்தை என் கையைப் பிடிக்கவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை. கழுத்தைத் திருப்பித் தன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்று இன்னொரு வாரம் தாங்காது என்பது எனக்கே தெரிந்தது. உதட்டைக் கடித்திருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் திமிர்.

"மாட்டேன்" என்றேன்.

அப்பா மம்பட்டியைத் தூக்கித் தோளில் போட்டார். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். மத்தியானம் முறை முடியும்வரை நாங்கள் அசையவில்லை. அத்தை வயல் வெடிப்பு மூடி, நாற்று நனைந்து நின்றது. அடுத்த புதனிலிருந்து நீர்பாய்ச்சியே அவளுக்கு மடை திருப்பிவிட்டார்; ஆள் நிற்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஒருநாள் தண்ணீருக்கு இத்தனை வீம்பா என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தேன்.

பல வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் பேசியபோது, தம்பிக்கு எவ்வளவோ அவ்வளவு எனக்கும் வயலில் வேண்டும் என்று கேட்டேன். அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். தம்பி சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோனான். அப்பா மட்டும் அசரவில்லை.

"இவ கேப்பான்னு எனக்குத் தெரியும்" என்றார். "அன்னைக்கு மாட்டேன்னு சொன்னப்பவே தெரியும்."

அந்த ஒரு மாதமும் அவர் கோபமாக இருந்தார் என்றே நான் நினைத்திருந்தேன். அவர் பயந்துபோயிருந்தார் என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?