நான்காம் மூலையின் ஈரம்

என் அம்மாவின் தம்பி கொத்துவேலை மேஸ்திரி. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் குனிந்து, புறங்கையால் தரையைத் தொட்டுப் பார்ப்பார். "தரைக்குக் காய்ச்சலா மேஸ்திரி?" என்று கூட வேலை செய்பவர்கள் சீண்டுவார்கள். அவரும் சிரிப்பார். எங்கள் வீட்டுக் கார் ஷெட்டுக்குத் தளம் போட்ட நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

அந்த ஷெட் என் தங்கைக்காகவே எழுந்தது. அவளுக்கு ஒன்பது வயது, மூச்சிரைப்பு. முந்தைய ஆண்டு அவள் அறைச் சுவரில் ஓதம் ஏறி, பூஞ்சை படர்ந்து, இரண்டு முறை உதடு நீலம் பாரித்தவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். "இன்னொரு தடவை இப்படி வந்தா" என்று தொடங்கிய மருத்துவர் அதை முடிக்கவில்லை. அவசரத்துக்கு ஆகும் என்று அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். அதை நிறுத்த இருந்த ஒரே காலியிடம் அவள் அறைச் சுவரை ஒட்டியது.

மண்ணின் ஈரம் தளத்தில் ஏறி அந்தச் சுவருக்குத் தாவிவிடக் கூடாது என்பதே மாமாவின் கவலை. ஜல்லியை இடித்து இறுக்கி, மணல் பரப்பி, அதன்மேல் தடித்த பாலிதீன் தாளை விரித்தார். விளிம்புகளைச் சுவரோரம் ஒரு சாண் மேலே மடித்துவிட்டார். தாளின்மேல் செருப்புக்கால் வைக்க அப்பாவைக்கூட விடவில்லை.

கான்கிரீட் கொட்டத் தொடங்கியபின், சுவரோர மூலை ஒன்றில், தளக்கம்பிகளைப் பிணைத்த கட்டுக்கம்பியின் முனையொன்று தாளில் அழுந்தியிருப்பதைக் கண்டார். கிழிசலா, மடிப்பா என்று குனிவதற்குள் அடுத்த சட்டிக் கலவை விழுந்து மூடிவிட்டது. ஆட்களை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தவர், மடிப்புதான் என்று தமக்கே சொல்லிக்கொண்டு மட்டப்பலகையை இழுத்தார்.

தளம் இறுகியதும் நான்கு மூலைகளிலும் கண்ணாடி போன்ற பாலிதீன் துண்டுகளை வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டினார். அடியிலிருந்து ஈரம் வந்தால் துண்டின் உட்புறம் முத்து முத்தாக வியர்க்கும். மூன்றாம் வாரம் நான்குமே வியர்த்தன. புதுத் தளம் தன் தண்ணீரை விடுகிறது, பயமில்லை என்று அம்மாவிடம் சொன்னார். சொன்னபோது அவர் கண் தங்கையின் சன்னலில் இருந்தது. அவள் இருமினால், பாதிப் பேச்சில் எழுந்து சுவரோரம் போய் நிற்பார்.

எட்டாம் வாரம் மூன்று துண்டுகள் காய்ந்தன. கம்பி அழுந்திய அந்தச் சுவரோர மூலை மட்டும் வியர்த்தது. அறைக்குள் சுவரடியில் கை வைத்தால் சுண்ணாம்பு ஈரமாக ஒட்டியது.

மாமா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, கம்பி தாளைக் குத்தியிருக்கு. போடும்போதே பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா இருந்தே?"

"மடிப்புன்னு நெனச்சேன்." தங்கையின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இல்லக்கா. மடிப்பா இருக்கணும்னு நெனச்சேன்."

"இத்தனை நாளா அவ அங்கதானேடா படுத்திருக்கா."

அம்மா தங்கையின் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டார். பிறகு சம்மட்டியைக் கொண்டுவந்து தம்பியின் காலடியில் வைத்தார்.

உடைத்துப் பார்த்தபோது தாளில் அரிசியளவு ஓட்டை. அதைச் சுற்றி ஒரு முழத்துக்குப் புதுத் தாள் ஒட்டி, மீண்டும் கலவை இட்டு, இறுகியதும் மேலே துண்டை ஒட்டினார். மறுபடியும் எட்டு வாரம். இடையில் தங்கைக்கு ஒருமுறை இரைத்தது. அன்று மாமா படியேறவில்லை. அவள் மூச்சு சீராகும்வரை தெருவிலேயே நின்றிருந்தார்.

கடைசியில் நான்காம் துண்டும் காய்ந்தது. அம்மா தாமே டேப்பைப் பிய்த்து, குனிந்து, புறங்கையால் தரையைத் தொட்டார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்றார்.

கட்டில் கூடத்திலேயே கிடந்தது. மாமா பையிலிருந்து புதுத் துண்டொன்றை எடுத்து, அதே இடத்தில் நான்கு பக்கமும் ஒட்டத் தொடங்கினார்.