சாப்பாட்டு நேரத்து மெக்கானிக்

தையல்நாயகியைப் போன்ற பயந்தாங்கொள்ளியைக் காஞ்சிபுரத்தில் சல்லடை போட்டுச் சலித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்றால் அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். கருட சேவைக்குப் போனால் சாமியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கூட்டம் நெருக்கினால் எந்தச் சந்தில் நுழைந்து ஓடுவது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். போலீஸ்காரர் யாராவது டீ குடிக்க வந்துவிட்டால் தம்ளர் கழுவுகிற சாக்கில் குனிபவள், அவர் வண்டியைக் கிளப்பும் வரைக்கும் நிமிர மாட்டாள். இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு இந்த மகராசி டீக்கடையோடு சேர்த்துச் செய்துகொண்டிருந்த இன்னொரு வேலை என்ன தெரியுமா? ஊரில் இருக்கிற ஆபீஸ்களுக்கெல்லாம், மெஷின் கம்பெனிக்குத் தெரியாமல் ஜெராக்ஸ் மெக்கானிக் அனுப்புவது!

அந்தக் கதை இப்படி ஆரம்பித்தது. புருஷன் போன பிறகு ரங்கசாமி குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மெஷினை வாங்கிப் போட்டு ஜெராக்ஸ் கடைதான் முதலில் வைத்தாள். மெஷின் மக்கர் செய்தால் கம்பெனியைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வந்து மூடியைத் திறந்து பார்ப்பதற்கே தனியாகக் காசு கேட்பார்கள். கட்டுபடியாகவில்லை. அதே கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்களை லீவு நாளில் தனியாகக் கூப்பிட்டால் பாதிக்கும் குறைவாக முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாலைந்து பேர் பழக்கமானார்கள். அப்புறம் ஊரே போனில் படம் எடுத்து அனுப்பத் தொடங்கியதும் கடை படுத்துவிட்டது. மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அதே இடத்தில் டீயும் போண்டாவும் போட உட்கார்ந்தாள்.

மெஷின்தான் போனதே தவிர மெக்கானிக்குகள் போகவில்லை. டீ குடிக்க அங்கேயே வந்தார்கள். ஆபீஸ்காரர்களும் விடவில்லை. "யக்கா, பேப்பர் இழுக்க மாட்டேங்குது, யாரையாச்சும் அனுப்பேன்" என்று இவளுக்குத்தான் போன் வரும். வேண்டாம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்லமாட்டாள். முடியாது என்று ஒருத்தரிடம் சொல்லவும் அவளுக்குப் பயம்.

லீவு நாள் வேலையில் பெரிய வில்லங்கம் இல்லை. வில்லங்கமெல்லாம் சாப்பாட்டு நேரத்து வேலையில்தான். கம்பெனி எல்லாருடைய போனிலும் ஒரு ஆப்பைப் போட்டு வைத்திருந்தது. எந்த மெக்கானிக் எந்தத் தெருவில் நிற்கிறான் என்பதைச் சென்னையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். வெளியே தனியாக வேலை பார்த்தது தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் சாப்பாட்டு நேரத்தில் வேறு ஆபீசுக்குப் போகிறவன், தன் போனையும் கழுத்தில் மாட்டுகிற கம்பெனி அட்டையையும் தையல்நாயகியிடம் கொடுத்துவிட்டுப் போவான். அவள் அதைப் போண்டா வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். சென்னையில் இருந்து பார்க்கிறவனுக்கு, அவன் சமத்தாக டீக்கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மாதிரி தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்தப் போன் அங்கே இருக்கிற வரைக்கும் இவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி வருகிறவர்களில் தாமல் ஊர்க்காரன் சரத்குமார் மேல் அவளுக்குத் தனி வாஞ்சை. ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிற குடும்பம். அந்த வீட்டில் சட்டையை இன் செய்து வேலைக்குப் போன முதல் ஆள் இவன்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெண்டாட்டி ஜீவிதா மூணாவது மாசம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகுமே என்றுதான் ஓய்வு நேரத்தையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தான்.

அன்றைக்குக் கூப்பிட்டது ஆடிட்டர் ஆபீஸ் கிளார்க் வெங்கடேசன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடி. மார்ச் மாதம், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, மெஷின் படுத்துவிட்டது. கம்பெனி ஆள் வர நாளாகும். கம்பெனி வழியாக வராமல் யார் கையை வைத்தாலும் ஒப்பந்தம் ரத்து என்று கம்பெனி சொல்லியிருப்பதால் ஆடிட்டருக்கும் தெரியக்கூடாது. "சார் சாப்புட ஊட்டுக்குப் போவாரு. அந்த கேப்புல முடிச்சிட்டுப் போயிடட்டும்கா" என்றான்.

சரத்குமார் போனையும் அட்டையையும் நீட்டினான். "யாரு பண்ணாலும் எடுத்துடாதக்கா. அரை அவருகூட ஆவாது. எனக்கு ரெண்டு போண்டா எடுத்து வை."

"ஜாக்கிரதைபா" என்றாள். இது அவள் டீ கொடுக்கும்போதுகூடச் சொல்கிற வார்த்தைதான்.

அரை மணி போனது. ஒரு மணியும் போனது. போண்டா ஆறி விறைத்துப் போய்விட்டது. போன் ஒரு தடவை உறுமியது. கம்பெனி நம்பர். அடங்கிவிட்டு மறுபடி உறுமியது. தையல்நாயகி கண்ணாடிப் பெட்டியை விட்டுத் தள்ளி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் ஜீவிதாவின் முகம் வந்தது, கல்யாணத்தன்று எடுத்த படம், தலை நிறைய மல்லிகை. இவள் அதைப் பார்க்கமாட்டாமல் கைப்பிடித் துணியைப் போட்டு மூடினாள். துணிக்கு அடியிலும் அது அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ ஆகிவிட்டது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கடையைப் பக்கத்துப் பூக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

பட்டுக்கடை வாசலில் கல்யாணக் கூட்டம். ஓரமாக மாடிப்படி. படி முடிகிற இடத்தில் செருப்புகள் கிடந்தன. அதில் வார் அறுந்து ஊக்குப் போட்ட ஒரு ஜோடி சரத்குமாருடையது. காலையில்தான் "புதுசு வாங்கேன்பா" என்று கிண்டல் செய்திருந்தாள். அப்பாடா, உள்ளேதான் இருக்கிறான் என்று உயிர் திரும்பி வந்தது.

உள்ளே அவன் இல்லை. மெஷின் மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தார்கள். ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தும் ரப்பர் கருகின வாடை போகவில்லை. கண்ணாடி அறைக்குள் ஆடிட்டர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழ, வெங்கடேசன் சத்தமாகக் கேட்டான்: "யாரும்மா? இன்னா வேணும்?"

தினமும் அக்கா அக்கா என்கிறவன்! இவள் திக்கினாள்: "சரத்து... மெஷினுக்கு..."

"மெஷினுக்கு யாரும் வரலம்மா. ஆபீஸ் மாறி வந்துட்ட போல. கெளம்பு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அங்கே வேலை பார்த்த மற்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கம்ப்யூட்டரையே பார்த்தார்கள். வேறு யாராவதாக இருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பார்கள். தையல்நாயகி திரும்பிவிட்டாள். படியில் அந்தச் செருப்பைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சொந்தக் காலால் இறங்கிப் போனவன் செருப்பை விட்டுவிட்டா போவான்?

கீழே ஆட்டோ ஸ்டாண்டில் அக்பர் இருந்தான். அவள் கடையில் தினமும் டீ குடிக்கிறவன். இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான், பிறகு அவனாலேயே முடியாமல் இறங்கி வந்தான்.

"யக்கா, மாடியில இருந்து ஒரு ஆளைத் தூக்கினு வந்தாங்க. உன் கடையில பாத்த மூஞ்சி. ஆஸ்பத்திரியில எறக்கி வுட்டேன். கரண்டு அடிச்சிடுச்சுன்னு ஒருத்தன் சொல்ல வந்தான், அந்த வெங்கடேசன் அவன் வாய அடைச்சிட்டான். ரோட்ல வுழுந்து கெடந்தான்னு சொல்லச் சொன்னாங்க. நானும் அப்படியே சொல்ட்டேன்கா. அல்லா மேல ஆணையா, பயந்துட்டேன்."

"உசுரு இருந்துச்சா பாய்?"

"மூச்சு இருந்துச்சுக்கா. வா, ஏறு."

ஆட்டோ மூங்கில் மண்டபத்து நெரிசலில் மாட்டி நின்றபோது அவளுடைய போன் அடித்தது. வெங்கடேசன். இப்போது மறுபடி அக்கா ஆகிவிட்டாள். "யக்கா, நான் சொல்றத நல்லா கேளு. பொழைச்சிக்குவாரு. ரோட்ல வுழுந்தாருன்னு எழுதிட்டாங்க, அதோட வுட்டுடு. நீ வாயத் தொறந்தா போலீஸ் கேஸ் ஆவும். யாரு அனுப்பிச்சதுன்னு கேப்பாங்க. நீதானக்கா அனுப்பிச்ச? நாளைக்கு உன் கடை அங்க இருக்குமா, யோசிச்சிக்க."

அவள் போனைக் கட் செய்தாள். போலீஸ் என்கிற வார்த்தை காதில் விழுந்ததுமே, வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த மகள் கலைவாணியின் மாமியார் என்ன சொல்வாள் என்பது வரைக்கும் மனசு ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலோடு அக்பர் நின்றுகொண்டான். இவள் தனியாக உள்ளே போனாள். அவசரப் பிரிவில் நாலு கட்டில், நாலையும் ஒரே சின்ன வயசு டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டிலில் சரத்குமார். கண் பாதி மூடியிருந்தது. முனகல்கூட இல்லை. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அட்டை இவளிடம் இருந்ததால் அவனுக்கு அங்கே பெயரே இல்லை.

"நீங்க யாரும்மா இவருக்கு?" என்றாள் டாக்டரம்மா.

"டீக்கடை" என்றாள் தையல்நாயகி. வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"டீக்கடையா? சரி. குடிப்பாரா? வலிப்பு ஏதாவது வருமா? ரோட்டுல மயங்கி விழுந்துட்டார்னு சொன்னாங்க. தலையில அடிபட்டிருக்கான்னு ஸ்கேன் எடுக்கணும்."

இப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "தெரியாதும்மா" என்றுதான் வந்தது. அடிப்பாவி என்று தன்னையே மனசுக்குள் திட்டிக்கொண்டு தூணோரம் ஒண்டினாள். ஊழியர் வந்து அவனைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார். ஸ்கேனுக்கு வராந்தாவில் நீளமான வரிசை நின்றது. வண்டி நகர்ந்தது. அவனுடைய வெறுங்கால் இரண்டும் ஆடிக்கொண்டே அவளைத் தாண்டிப் போயின. அந்த நேரம் பார்த்து இடுப்பில் இருந்த போன் உறுமியது. எடுத்துப் பார்த்தாள். ஜீவிதாவின் முகம்.

"கரண்டு!" என்று அவள் போட்ட கூச்சலில் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். "கரண்டு அடிச்சிருக்குதும்மா! ரோட்ல வுழல! ஜெராக்ஸ் மெஷினு ரிப்பேருக்கு நான்தான் அனுப்பிச்சேன். நான்தாம்மா அனுப்பிச்சேன்!"

டாக்டரம்மா ஓடிவந்து, மூடியிருந்த அவன் வலது கையைப் பிரித்தாள். ஆள்காட்டி விரலின் அடியில் கருகின குழி ஒன்று இருந்தது. அதற்கப்புறம் அவள் குரலே மாறிவிட்டது. வண்டியைத் திருப்பச் சொன்னாள். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். திரையில் கோடு ஏறுவதும் இறங்குவதும் தாறுமாறாக இருந்தது. திடீரென்று யாரோ "போகுது, போகுது" என்று கத்தினார்கள். பச்சைத் துணியை இழுத்து மறைத்தார்கள். தையல்நாயகி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, காமாட்சித் தாயே, காமாட்சித் தாயே என்பதற்கு மேல் எதுவும் வராமல் நின்றாள். கையில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தாள்.

"எங்க போய்ட்டீங்க? கம்பெனியில இருந்து எனக்குப் பண்ணி உங்களைக் கேக்கறாங்க. சாப்டீங்களா இல்லையா?" என்றாள் ஜீவிதா.

"நான் தையல்நாயகிமா. டீக்கடைக்காரி." அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். "ஆஸ்பத்திரிக்கு வாம்மா. யாரையாச்சும் கூட்டிக்கினு வா. தனியா வராத."

டாக்டரம்மா வெளியே வந்தபோது அவள் நெற்றியெல்லாம் வியர்வை. "நின்னுபோன இதயம் திரும்பிடுச்சும்மா. இது அந்த வராந்தாவுல நடந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது" என்றாள். தையல்நாயகி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். போலீஸ்காரர் வந்து, யார், எந்த ஆபீஸ், யார் கூப்பிட்டது, யார் அனுப்பியது என்று கேட்டார். அவள் நடுங்கிக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எல்லாவற்றையும் சொன்னாள். சுவிட்சை அணைத்தும் மெஷினில் கரண்ட் வந்துகொண்டிருந்தது, யாரோ சுவிட்சில் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது போலீஸ் அந்த ஆபீசுக்குப் போய்ப் பார்த்த பிறகு தெரிந்தது.

வெயில் தாழ்கிற நேரத்தில்தான் சரத்குமார் நன்றாகக் கண் விழித்தான். ஜீவிதா அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கம்பெனி மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு போனதை அவன் அரைக் கண்ணால் பார்த்திருக்கிறான். கால்மாட்டில் நின்ற தையல்நாயகியை நிமிர்ந்து பார்த்தான்.

"யாருக்கா கரண்டுன்னு சொன்னது?"

"நான்தான்பா."

"இன்னாக்கா நீ! அறிவு இருக்குதா உனக்கு?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தாலும் கோபம் கோபம்தான். "இனிமே கம்பெனியில வெச்சிக்குவானா என்னை? வேலை போச்சு. புள்ள வேற பொறக்கப் போவுது. ரோட்ல வுழுந்ததாவே இருந்துட்டுப் போவட்டும்னு வுடக் கூடாதா? வாய மூடிக்கினு இருக்கத் தெரியாதா?"

"ஏங்க, சும்மா இருங்க" என்று ஜீவிதா அவன் வாயைப் பொத்தப் போனாள்.

"வுடுமா, பொத்தாத" என்றாள் தையல்நாயகி. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. "திட்டுபா. நல்லா திட்டு. இன்னும் கொஞ்சம் சத்தமா திட்டு."

அவனும் விடாமல் திட்டினான். இங்கே என்ன சத்தம் என்று நர்ஸ் வந்து அதட்டினாள். தையல்நாயகி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னும் திட்டுபா, இன்னும் திட்டுபா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.