அங்கே அழித்தது இங்கேயும் அழிந்தது

இன்று காலை கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது நான், மகள் நசீமா, மருமகள் சபுரா. துபாயிலிருந்து போனில் மகன் அன்வர்.

மௌத்தாகிப் போய்ச்சேர்ந்த என் வீட்டுக்காரரின் குரல் பதிவைக் கேட்கத் தேடினோம். காணவில்லை.

அவன் அங்கே சேமிப்பதெல்லாம் கீழக்கரை வீட்டுக்கும் வந்து சேரும். லைப்ரரி என்று யாரோ முன்பே எழுதிவைத்த நிரல் ஒன்றையும் சேர்த்து அதற்கான புரோகிராமை எழுதியவனே அன்வர்தான்.

“வாப்பா குரலக் கேட்டாத் தாங்க முடியல உம்மா. இங்கன மட்டுந்தான் அழிச்சேன். அந்த லைப்ரரி அங்கனயும் அழிக்கும்னு தெரியல” என்று அழுதான்.

“ஏலே, தெரியாமயா எழுதுன?” என்று நசீமா கத்தினாள்.

அவனை மன்னித்துவிட்டேன்.

“அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே மாமி” என்று சொல்லிவிட்டு, அவர் பேசியிருந்த ஒரே கேசட்டில் போன மாதம் தன் தங்கச்சி கல்யாணப் பாட்டைப் பதிந்தவளை மன்னிக்கச் சொல்லி யாரும் இங்கே கமெண்ட் எழுத வேண்டாம்.

சபுராவைத்தான் சொல்கிறேன்.